கால்பங்கும் அரைப்பங்கும்: வலையமைப்புத் தேர்வுக்கு ஒரு பயில்முறை

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் கணினி வலையமைப்புத் தேர்வு குறித்து ஒரு கட்டுரையா என்று படிப்போர் வியக்கக்கூடும். ஆயினும் கற்றல் எத்துறைக்கும் பொதுவானது. கற்கும் முறை பற்றி நம் முன்னோர் வகுத்தவை இலக்கணம் பயில்வார்க்கு மட்டும் உரியன அல்ல. இதனை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சியொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நம் கல்லூரியில் பயின்று, வெளியூரில் கணினி வலையமைப்புப் பணி புரியும் மாணவர் ஒருவர் விடுமுறையில் என் இல்லத்திற்கு வந்திருந்தார். அவர் முகத்தில் வாட்டம் தெரிந்தது. தொழில்முறை நிலைத் தேர்வொன்றை எழுதித் தோற்றிருந்தார். வளைகுடாவில் பணிபுரியும் அண்ணன் அனுப்பிய பணத்தில் கட்டிய தேர்வுக் கட்டணம் வீணாயிற்றே என்பது அவர் கவலை.

"சார், நானூறு கேள்விகளை விடையோடு மனப்பாடம் செய்திருந்தேன். அதே கேள்விதான் வந்தது. படத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள்" என்றார்.

"படம் மாறினால் விடை மாறுமா, தம்பி?" என்று கேட்டேன்.

அவரிடம் பதில் இல்லை. அந்த மௌனத்திலிருந்து அவர் எவ்வாறு மீண்டார் என்பதையும், அதிலிருந்து மாணவர் பெறத்தக்க பயில்முறையையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

தேர்வின் இயல்பு

ஒரு கட்டடத்திலுள்ள கணினிகளையெல்லாம் கம்பிகளால் இணைத்து, ஒரு கணினி அனுப்பும் செய்தியை உரிய கணினியிடம் சேர்க்கும் கருவிக்குச் சுவிட்ச் என்று பெயர். நம் வீட்டு மின்விளக்குச் சுவிட்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இக்கருவிகளை அமைக்கவும் பழுது காணவும் வல்லவர் என்று சான்று வழங்கும் தேர்வுகளுள் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்பி பெயர் பெற்றது.

2010ஆம் ஆண்டு முதல் சிசிஎன்பி சான்றுக்கு ரூட், சுவிட்ச், டிஷூட் என மூன்று தேர்வுகள் இருந்தன. 2020 பிப்ரவரி 24ஆம் நாள் அவ்வமைப்பு மாற்றப்பட்டது. சுவிட்ச் என்னும் தனித்தேர்வு அத்துடன் மறைந்தது. அதன் பாடம் மறையவில்லை. என்கோர் என்னும் முதன்மைத் தேர்வுக்குள் அது சென்று சேர்ந்தது. முதன்மைத் தேர்வு ஒன்றும் விருப்பத் தேர்வு ஒன்றும் தேறினால் சான்று கிடைக்கும். அது மூன்றாண்டுகளுக்குச் செல்லும். 2020இல் இம்மாற்றம் வந்தபோது முதன்மைத் தேர்வின் கட்டணம் 400 அமெரிக்க டாலர். நடுத்தரக் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று.

இத்தேர்வில் ஒரு வினாவை விட்டுச் சென்றபின் மீண்டும் அதனிடம் திரும்ப இயலாது. எனவே, தெரிந்ததை முதலில் எழுதிவிட்டுத் தெரியாததைப் பின்னர்ப் பார்ப்போம் என்னும் நம் பழக்கம் இங்கே உதவாது. ஒவ்வொரு வினாவையும் கண்ட பொழுதிலேயே காரணங்கண்டு விடையிறுக்கும் பயிற்சி வேண்டும்.

நன்னூல் காட்டும் கணக்கு

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் பேசுமுன் ஆசிரியர் இயல்பையும் மாணவர் இயல்பையும் பாடங்கேட்கும் முறையையும் பேசுகிறது. அங்கே ஒரு கணக்கு உண்டு. ஆசிரியரிடம் எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் மாணவன் அடைவது புலமையில் கால்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் இன்னொரு கால்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் வரும். இதுவே அப்பகுதியின் கருத்து.

இக்கணக்கை நம் மாணவர்க்குச் சொன்னேன். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வீதம் 120 நாள் படிப்பதாயின் மொத்தம் 240 மணி நேரமாகும். அதில் 60 மணி நூலுக்கும் வகுப்புக்கும்; 60 மணி உடன் பயில்வாரோடு கருவிப் பயிற்சிக்கும்; 120 மணி பிறர்க்கு உரைப்பதற்கும் எனப் பிரித்தோம். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வன அல்ல. இன்று படித்ததை நாளை கருவியில் செய்து, மறுநாள் எடுத்துரைக்க வேண்டும்.

"யாரிடம் சார் உரைப்பது?" என்று கேட்டார்.

"என்னிடம் உரையுங்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, அதுவே உங்களுக்கு நல்லது" என்றேன்.

முதற் கால்பங்கு: கேட்டல்

மனப்பாடம் அறவே கூடாது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. நூற்பாவை மனப்பாடம் செய்யாமல் இலக்கணம் கற்றவர் இலர். எதனை மனத்திற் கொள்வது, எதனை ஆராய்ந்து அறிவது என்னும் பகுப்பே வேண்டுவது.

மனத்திற் கொள்ள வேண்டியவை சில. ஒவ்வொரு கணினிக்கும் உள்ள மேக் முகவரி 48 பிட் நீளமுடையது. சுவிட்ச், வந்த செய்தியின் அனுப்புநர் முகவரியைக் கண்டு கற்கிறது. பெறுநர் முகவரியைக் கண்டு அனுப்புகிறது. ஒரே சுவிட்சைப் பல தனிச் சுவிட்சுகள் போலப் பிரித்துக் காட்டுவது வி-லேன் எனப்படும். கல்லூரி அலுவலகக் கணினிகளும் மாணவர் ஆய்வகக் கணினிகளும் ஒரே பெட்டியில் இணைந்திருந்தும் ஒன்றையொன்று காணாதிருப்பது இதனாலேயே. வி-லேன் அடையாளத்திற்கு 12 பிட் ஒதுக்கப்பட்டுள்ளது. அதனால் எண்கள் 4096. முதலும் கடையும் ஒதுக்கப்பட, பயன்படுவன 4094. இவ்வடையாளத்தைச் செய்தியில் பொறிக்கும் முறையை வகுத்தது 802.1கியூ என்னும் தரநெறி.

இங்கேயும் ஒரு நுட்பம் உண்டு. 4094 என்பதை மட்டும் மனப்பாடம் செய்தவர் மறந்தால் மீட்கும் வழியில்லை. 12 பிட் என்பதை அறிந்தவர் மறந்தாலும் கணக்கிட்டு மீட்பார். எண்ணைக் காட்டிலும் எண் பிறந்த இடத்தை நினைவிற் கொள்வதே பயன்தரும்.

இரண்டாம் கால்பங்கு: உடன் பயிலல்

சமையற்குறிப்பைப் படித்தவர் சமையற்காரர் ஆகார். சிஸ்கோ நிறுவனமே இலவசமாக வழங்கும் பாக்கெட் டிரேசர் என்னும் மென்பொருளில் தொடக்கப் பயிற்சிகளைச் செய்யலாம். தொழில்முறை நிலைக்குரிய சில பகுதிகள் அதில் இல்லாமையால் ஜிஎன்எஸ்3 போன்றவற்றை நாட வேண்டும். பழைய சுவிட்ச் ஒன்றிரண்டு குறைந்த விலைக்குக் கிடைத்தால் இன்னும் நன்று.

நம் மாணவர் தம் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு விளையாட்டை வகுத்துக்கொண்டார். ஒருவர் வலையமைப்பைச் சரியாக அமைப்பார். மற்றவர் அதில் ஒரே ஒரு பிழையை ஒளித்துவைப்பார். முன்னவர் அதனைக் கண்டுபிடிக்க வேண்டும். பழுதைக் கண்டவுடன் எங்கே, ஏன், எப்படித் தெரிந்தது என்று மூன்று வரி எழுத வேண்டும்.

அவர்கள் கண்ட பிழைகளுள் ஒன்றைக் கூறலாம். இரு சுவிட்சுகளுக்கிடையே இரண்டு கம்பிகளைப் போட்டு அவற்றை ஒரே பாதைபோல் ஆக்குவதற்கு ஈதர்சேனல் என்று பெயர். எல்ஏசிபி முறையில் ஒவ்வொரு முனையையும் ஆக்டிவ் அல்லது பாசிவ் என அமைக்கலாம். ஆக்டிவ் முனை தானே பேச்சைத் தொடங்கும். பாசிவ் முனை எதிர்முனை பேசினால் மட்டும் மறுமொழி கூறும். இருமுனையும் பாசிவ் என்றால் ஈதர்சேனல் உருவாகாது. எதிரே வருபவர் முதலில் சலாம் சொல்லட்டும் என்று இருவருமே காத்திருந்தால் இருவரும் பேசாமலே கடந்து போவர் அல்லவா? அதுபோன்றதே இது. இவ்வாறு கண்டபின் அந்த அட்டவணையை மனப்பாடம் செய்யத் தேவையில்லாமற் போயிற்று.

வேறொரு பிழை அச்சமூட்டுவது. விடிபி என்னும் முறையில் சுவிட்சுகள் தம் வி-லேன் பட்டியலைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. எவருடைய பட்டியலின் திருத்த எண் பெரியதோ அதுவே புதியது எனக் கொள்ளப்படும். ஆய்வகத்தில் பலமுறை திருத்தப்பட்ட பழைய சுவிட்ச் ஒன்றை, குழுப்பெயரும் கடவுச்சொல்லும் ஒத்திருக்க, ஆராயாமல் அலுவலக வலையமைப்பில் இணைத்தால், அதன் பெரிய எண்ணை நம்பி ஏனைய சுவிட்சுகள் தம் பட்டியலைத் தொலைத்துவிடக்கூடும். இணைக்குமுன் திருத்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்னும் பாடத்தைப் பயிற்சிக்கூடத்தில் பெறுவது நன்று. பணியிடத்தில் பெறுவது கொடிது.

அரைப்பங்கு: உரைத்தல்

மாலை வேளைகளில் அவர் என் இல்லத்திற்கு வந்து பாடஞ் சொல்லத் தொடங்கினார். முதலில் எடுத்துக்கொண்டது ஸ்பானிங் ட்ரீ என்னும் பகுதி. எல்லா முனைகளையும் தழுவி நிற்கும் மரம் என்று அதற்குப் பொருள் கூறலாம்.

"சுவிட்சுகளை வட்டமாக இணைத்தால் செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும், சார். அதைத் தடுக்க ஒரு வழியை அடைத்துவைப்பதுதான் இது" என்றார்.

"வட்டமாக ஏன் இணைக்க வேண்டும்?"

"ஒரு கம்பி அறுந்தால் மற்றொன்று உதவுவதற்கு."

"செய்தி சுற்றினால் என்ன? களைத்துத் தானே ஓய்ந்துவிடாதா?"

இவ்வெளிய வினாவிற்கு அவரிடம் விடையில்லை. மறுநாள் வந்து விளக்கினார். ஊர்விட்டு ஊர் செல்லும் ஐபி செய்தியில் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரூட்டரையும் கடக்கும்போது அது ஒன்று குறையும். சுழியானால் செய்தி மடியும். ஆனால் சுவிட்சுகளுக்கிடையே செல்லும் ஈதர்நெட் ஃபிரேமில் அத்தகைய எண் இல்லை. அனைவர்க்கும் எனக் குறிக்கப்பட்ட ஃபிரேமை, வந்த வழி தவிர மற்றெல்லா வழியிலும் சுவிட்ச் அனுப்பிவிடும். வட்டத்தில் அகப்பட்ட அந்த ஃபிரேம், கேட்டவர் ஒவ்வொருவரும் சொன்னவரை விடுத்து மற்றெல்லாரிடமும் பரப்பும் வதந்தியைப்போல, ஓயாது பெருகி வலையமைப்பையே முடக்கிவிடும். இதனைத் தமிழில் எனக்குச் சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் முதன்முறையாகத் தெளிவைக் கண்டேன்.

இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டவர் ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய அவர் 1985இல் இம்முறையை வெளியிட்டார். 1990இல் அது 802.1டி என்னும் தரநெறியாயிற்று. தமிழ் மாணவர் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. அவர் தம் ஆய்வுக்கட்டுரையின் சுருக்கத்தை ஒரு சிறு கவிதையாகவே எழுதினார். நூலின் பொருளைப் பாயிரத்தில் செய்யுளாகச் சொல்லும் மரபுடைய நமக்கு அது அயலாகத் தோன்றாது.

முறையின் சாரம் இது. சுவிட்சுகள் தமக்குள் ஒரு தலைமைச் சுவிட்சைத் தேர்கின்றன. முன்னுரிமை எண் எதற்குச் சிறியதோ அதுவே தலைமை. எண்கள் ஒத்திருந்தால் சிறிய மேக் முகவரி உடையது தலைமையாகும். இயல்பாக எல்லாவற்றுக்கும் எண் 32768 என்றே இருக்கும். ஆகவே நாம் தலைமையைக் குறிக்காவிட்டால், பெரும்பாலும் பழைய சுவிட்சே மேக் முகவரி சிறிதாயிருப்பதால் தலைமை ஏற்றுவிடும். ஆற்றல் மிக்க புதிய கருவி இருக்க, மூலையில் கிடக்கும் பழைய கருவியின் வழியே போக்குவரத்தெல்லாம் செல்லும். தலைமை தாங்க வேண்டிய கருவிக்கு 4096இன் மடங்காக ஒரு சிறிய எண்ணை, எடுத்துக்காட்டாக 24576ஐ, நாமே தர வேண்டும்.

முப்பதா, ஐம்பதா?

இப்போது அவரைத் தோற்கடித்த வினாவிற்கு வருவோம். பாதை ஒன்று அறுந்தால் மாற்றுப்பாதை திறக்க எத்தனை நொடி ஆகும் என்பது வினா. 50 நொடி என்று அவர் மனப்பாடம் செய்திருந்தார். படம் மாறியபோது விடை 30 ஆயிற்று. ஏன் என்பதை ஒரு தாளில் முக்கோணம் வரைந்து கண்டோம்.

அ, ஆ, இ என மூன்று சுவிட்சுகள் முக்கோணமாக இணைந்துள்ளன. அ தலைமை. ஆ, இ ஆகிய இரண்டும் அ-வுடன் நேரே இணைந்துள்ளன. ஆ–இ என்னும் கம்பியில், இ தன் முனையை அடைத்து வைத்துள்ளது.

முதல் நிலை: அ–இ கம்பி அறுகிறது. அறுந்ததை இ தானே காண்கிறது. அடைத்த முனையில் ஆ-வின் வழியே தலைமையின் செய்தி வந்துகொண்டிருப்பதும் அதற்குத் தெரியும். உடனே அம்முனையைத் திறக்க முற்படுகிறது. கேட்கும் நிலையில் 15 நொடி, கற்கும் நிலையில் 15 நொடி. ஆக 30 நொடி.

இரண்டாம் நிலை: அ–ஆ கம்பி அறுகிறது. இதனை இ நேரே காணவில்லை. தலைமையோடு தொடர்பிழந்த ஆ, தானே தலைமை என்று அறிவிக்கத் தொடங்குகிறது. அதன் அறிவிப்பு அ-வின் அறிவிப்பினும் தாழ்ந்தது. எனவே இ அதனைப் பொருட்படுத்தாமல், முன்பு பெற்ற செய்தி காலாவதியாகும்வரை 20 நொடி பொறுத்திருக்கிறது. அதன் பின்னரே 15, 15 எனச் செல்கிறது. ஆக 50 நொடி.

ஒரே முக்கோணம், அறுந்த கம்பி வேறு, விடையும் வேறு. இழப்பைத் தானே கண்டவன் உடனே செயற்படுகிறான். பிறர் வாய்மொழியால் அறிபவன் பொறுத்திருந்து பார்க்கிறான். இதனை விளங்கிக்கொண்டவர்க்கு எண் மறக்காது. இத்தாமதத்தை நீக்கவே 2001இல் 802.1டபிள்யூ என்னும் விரைவுமுறை வந்தது. அதில் அண்டைச் சுவிட்சுகள் நேருக்குநேர் கேட்டு இசைவு பெற்றுக்கொள்வதால் காத்திருப்பு பெரிதும் குறைகிறது. பழைய முறையின் காத்திருப்பை அறியாதவர்க்குப் புதிய முறையின் அருமை விளங்காது.

அறிவின்மையின் விலை

தேர்வில் தோற்றால் கட்டணம் போகும். அறியாமலே தேறிவிட்டால் போவது அதனினும் பெரிது. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அங்கு வலையமைப்பு சிறிது சிறிதாக வளர்ந்து, ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட சுவிட்சுகளின் தொடர் நீண்டிருந்தது. ஸ்பானிங் ட்ரீயின் காலக்கணக்குகள், தொடர்ச்சியாக ஏழு சுவிட்சுகள் என்னும் எல்லையை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டவை. அவ்வெல்லை மீறப்பட்டிருந்தது. ஆய்வுப்பணி ஒன்றின் பெருந்தரவு வலையமைப்பில் பாய்ந்தபோது அது நிலைகுலைந்தது. ஏறத்தாழ நான்கு நாள்கள் அம்மருத்துவமனை கணினியை விடுத்துத் தாளிலும் எழுதுகோலிலும் பணியாற்ற நேர்ந்தது. அந்நிறுவனம் இதனை மறைக்காமல், பிறர் பாடம் பெறும்பொருட்டு வெளிப்படையாகவே எடுத்துரைத்தது பாராட்டத்தக்கது.

ஏழு என்பது வினாத்தாளில் ஓர் எண். மருத்துவமனையில் அது நோயாளியின் மருந்துச்சீட்டு மருத்துவரிடமிருந்து மருந்தகத்தைச் சென்றடையும் வழி. சான்றிதழை நம்பி ஒருவரிடம் அவ்வழியை ஒப்படைக்கின்றனர். ஒப்படைக்கப்பட்டது அமானிதம். கசிந்த வினாக்களை விலைகொடுத்து வாங்கி, விடையை உருப்போட்டுப் பெற்ற சான்றால் அதனைக் காக்க இயலாது. அவ்வாறு பெறுவது தேர்வு ஒப்பந்தத்திற்கும் முரணானது. கண்டறியப்பட்டால் சான்று பறிக்கப்படும். பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் பிள்ளைகளிடம் எத்தனை சான்றிதழ் பெற்றாய் என்று கேட்பதோடு நில்லாமல், நீ கற்றதை எனக்குச் சொல் பார்க்கலாம் என்றும் கேட்க வேண்டும். கேட்பவர்க்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. விளங்கவில்லை என்று துணிந்து சொல்லத் தெரிந்தால் போதும்.

முடிவுரை

நம் மாணவர் இத்தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுதுகின்றனர். கலைச்சொற்களை ஆங்கில ஒலியிலேயே வழங்குவதிலும் பிழையில்லை. ஆனால் காரணத்தைத் தாய்மொழியில் சொல்ல இயலாதபோது, அச்சொல்லை அறிந்தோமேயன்றிப் பொருளை அறிந்தோமில்லை என்பது தெளிவு. ஆசிரியரிடம் கேட்டல், உடன் பயில்வாரோடு செய்து பார்த்தல், பிறர்க்கு உரைத்தல் என்னும் மூன்றும் கூடினால்தான் கல்வி முழுமை பெறும். கசிந்த வினாத்தொகுப்பை நம்பியவர் இம்மூன்றையுமே இழக்கிறார்.

அம்மாணவர் ஐந்து திங்களுக்குப்பின் மீண்டும் எழுதித் தேறினார். செய்தியைத் தொலைபேசியில் சொன்னவர், தேறிய மகிழ்ச்சியைவிட வேறொன்றை நீளமாகச் சொன்னார். அவர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், மாற்றுப்பாதை திறக்க எத்தனை நொடி என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீர்கள்?" என்றேன்.

"எந்தக் கம்பி அறுந்தது என்று கேட்டேன், சார். பிறகு ஒரு தாளை எடுத்து முக்கோணம் வரைந்தேன்" என்றார்.